தூய்மையான ஏரி

கருங்கலாற்று அணை ஏரி நீரின் தரத்தை அறுபது வருடமாகக் கண்காணித்துவரும் இயந்திரத்துக்குப் பொன்னுலிங்கம் காவலர். ஏரி வற்றி இரண்டு வருடமாகிறது. இயந்திரம் காய்ந்தால் தன் வேலையும் காய்ந்துவிடும் என்று, வீட்டுக்கு வரும் லாரித் தண்ணீரில் தினமும் ஒரு குடம் கொண்டுபோய் அதை நனைத்துவந்தார்.

ஏரிப்பக்கம் எட்டியும் பார்க்காத அதிகாரிகள், 'தண்ணீர் சுத்தம்' என்று இயந்திரம் தினமும் அனுப்பிய கணக்கை நம்பி, நகரத்துக் குளுகுளு அரங்கில் அவருக்கு 'நீர்த்தூய்மை மாட்சிமை விருது' வழங்கினார்கள். மாலையும் கழுத்துமாக வீடு திரும்பினால், மனைவி தங்கபுஷ்பம் காலிக் குடங்களோடு வாசலில் நிற்கிறாள்.

"லாரி வரலியா, புஷ்பம்?"

"இனிமே வராதாம். உங்க மெஷின்தான் நிறுத்திட்டு. ஏரி நிறைய நல்ல தண்ணி கிடக்காம்லா?"

பொன்னுலிங்கம் மெல்ல மாலையைக் கழற்றப் போனார்.

"அதை ஏன் கழத்துதீய? அப்படியே போயி, அந்த ஏரியில நாலு குடம் மோந்துட்டு வாங்க."