நட்டாற்றில் வெள்ளாயி

உள்நாட்டுப் போரில் தலைவருக்கு ஒரே குறி: நாடு இரண்டாக உடையக் கூடாது. ஆற்றுக்கு அக்கரையில் எதிரிகளிடம் இருக்கும் அடிமைகளுக்கு மட்டும் விடுதலை என்று அறிவித்தார். இக்கரைப் பண்ணையார்கள் அவர் படைக்கு ஆள் அனுப்புகிறவர்கள். அவர்களை முகம் சுளிக்க விடலாமா! அறிவித்த கையோடு அவர்களில் ஒருவரின் ஆற்றங்கரைத் தோப்பில் விருந்து. பரிமாறிய அடிமை வெள்ளாயி, "எங்களுக்கு எப்ப சாமி?" என்றாள்.

"நாடு ஒண்ணாகட்டும் தாயி, கொஞ்சம் பொறு" என்றார் தலைவர், அப்பளத்தை நொறுக்கியபடி.

வெள்ளாயி ரசவாளியை அவர் இலையிலேயே வைத்துவிட்டு ஆற்றில் இறங்கினாள். "பிடிங்கடா அவளை!" என்று பண்ணையார் கத்தினார். கழுத்தளவு தண்ணீரில் அவள் திரும்பினாள்.

"சாமி, இங்கயே விடுதலை ஆயிட்டேனா, இன்னும் ரெண்டு எட்டு வைக்கணுமா?"

ஆட்கள் தலைவரின் வாயைப் பார்த்தார்கள். அவர் எச்சில் கை காயக் காய யோசித்தார். அவள் அடுத்த எட்டை வைத்தாள்.