குளியலறையில் கிட்டார்

"ஆறு வாரத்துக்குள்ள கிட்டாரைத் தொட்டா விரல் மடங்காமலே போயிடும்" என்று விரல் நரம்பைத் தைத்த டாக்டர் எச்சரித்து ஒன்பது நாள்கூட ஆகவில்லை. காய்கறிப் பையோடு மாடியேறிய கிளாடிஸுக்கு வீட்டுக்குள்ளிருந்து கிட்டார் கேட்டது. கணவர் எட்வினின் வாசிப்பேதான். எழுபது படிகளை ஏழே தாவலில் தாண்டினாள். உருண்ட தக்காளி அடுத்த தெருவில் போய் நின்றது. சத்தம் வந்த குளியலறைக் கதவைத் தள்ளி, "மனுஷா, விரல் வேணாமா உங்களுக்கு?" என்று ஊரே அதிரக் கத்தினாள். உள்ளே ஆளில்லை. முக்காலியில் ஆம்ப்ளிஃபையர் தன்னந்தனியாக முழங்கிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு மைக். பின்னறையிலிருந்து எட்வின் கட்டுப்போட்ட கையோடு எட்டிப்பார்த்தார். "போன மாசம் வாசிச்சதும்மா. கம்ப்யூட்டர்ல நேரா பதிஞ்சது கொசு மாதிரி இருந்துச்சு. அதையே இந்தப் பொட்டி வழியா விட்டு மறுபடி பதியறேன். இங்க வெச்சா எதிரொலிச்சு சர்ச்சுல வாசிச்ச மாதிரி இருக்கு. இப்ப உன் திட்டும் பதிஞ்சிருச்சு."

"ஐயோ, கெடுத்துட்டேனா?"

"வாசிச்சது பத்திரமா இருக்கு. எத்தனை தடவை வேணா ஓட்டலாம்."

கிளாடிஸ் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு வாளியைக் கவிழ்த்து மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ம், ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.