ஏழாம் நம்பர்

"ரெண்டு புளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்புல எது வேணும்னு இன்னிக்கே முடிவு பண்ணணும், ஞானதாஸ்" என்றார் டாக்டர் வரலட்சுமி.

செங்கல்பட்டு டி.பி. லேபில் திரைகளை இழுத்துவிட்டார்கள். சாயமேற்றிய சளியில் கிருமி இருந்தால் இருட்டில் மஞ்சளாய் மின்னும். சிலைடில் பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான்.

ஏழாம் நம்பரை முதல் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார் டாக்டர். ஒன்றுமில்லை.

"இதையே வாங்கிடலாம் மேடம், சோக்கா கீது!" லேப் உதவியாளன் ஞானதாஸ் பரபரத்தான்.

"அந்தக் கம்பெனிக்காரன் உன் மச்சானாய்யா?" சிரித்தபடி அதே சிலைடை இரண்டாவதில் வைத்தவர் துள்ளினார். "அம்மாடி, மின்மினிக் கூட்டம்! இதுதான் நமக்கு. யாருய்யா இந்த ஏழு? உடனே ஆள் அனுப்பு, மருந்து ஆரம்பிக்கணும்."

ஞானதாஸ் கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஆள் இன்னாத்துக்கு மேடம்? எதிர்லதான் நின்னுகினு கீறேன்."