டென்ஷனர் போல்ட்

“மச்சான், சாப்பிட வரலையா?”

“நீங்க போங்க மாப்ள, பசிக்கல” என்றார் பெரிய மெக்கானிக். மூடி திறந்திருந்த காரின் மேல் குனிந்தபடியே சொன்னார். பார்த்தவர்கள், வேலையே கதியென்று கிடக்கும் மனுஷன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

தங்கையின் கணவன் ஒரு கணம் தயங்கினான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மற்றவர்களோடு வெளியே போனான்.

அவனை இந்த ஷெட்டில் சேர்த்துவிட்டதே அவர்தான். தங்கை கண்ணைக் கசக்கினாள் என்று முதலாளியிடம் நாலு வார்த்தை பேசினார். இன்றைக்கு வருகிறவர்கள் எல்லாம் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, உங்க மாப்பிள்ளை இல்லையா என்று கேட்கிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கைகாட்டுவார். வயிறு எரியும்.

முதலாளி புதிதாக இன்னொரு ஷெட் திறக்கப்போகிறார். யார் பொறுப்பில் விடுவது என்று இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் சூப்பர்சார்ஜர் வைத்த தன் சொந்தக் காரை மாப்பிள்ளை கையில் கொடுத்தபோதே எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

சூப்பர்சார்ஜர், இன்ஜினுக்குள் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் சமாசாரம். அதைச் சுற்றவைப்பது ஒரு பெல்ட். பெல்ட் நழுவுகிறது என்று மாப்பிள்ளை புதிதாக ஒன்றை மாட்டி, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் போல்ட்டை இறுக்கியிருந்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி நின்ற இடத்திலேயே ஊளையிட்டது.

நழுவுகிற பெல்ட் ஆக்சிலரேட்டரை மிதித்தால்தான் கத்தும். இது சும்மா நிற்கும்போதே கத்தியது. வேறு யாருடைய வேலையாக இருந்தாலும் பெரிய மெக்கானிக் அந்த இடத்திலேயே யோசித்திருப்பார். இன்று அவர் மனதில் ஏறியது, மாப்பிள்ளை திணறுகிறான் என்பது மட்டுமே.

ஷெட் காலியானது. மின்விசிறியின் சத்தம் மட்டும் மிஞ்சியது. அவர் அந்த போல்ட்டையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். தங்கையின் முகம் வந்து போனது.

பிறகு ஸ்பேனரை வைத்தார். போல்ட் லேசில் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். அசைந்தது, தளர்ந்தது. இன்னும் கொஞ்சம் தளர்த்தலாம் என்று நினைத்தார், கை வரவில்லை. முதலாளி ஓங்கி ஒரு மிதி மிதித்தால் பெல்ட் நழுவி மாப்பிள்ளையின் மானத்தை வாங்க இதுவே போதும்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் முதலாளி வந்து சாவியை வாங்கிக்கொண்டார். இன்னும் சரியாகவில்லை என்று மாப்பிள்ளை தடுப்பான் என்று பெரிய மெக்கானிக் எதிர்பார்த்தார். அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. ஊளை இல்லை. தெருமுனையில் முதலாளி மிதித்த மிதிக்கும் ஒரு முனகல்கூட இல்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காலையில் பெல்ட் நழுவவே இல்லை. மாப்பிள்ளை அளவுக்கு மீறி இறுக்கியதால், பெல்ட் ஓடும் சக்கரத்தின் பேரிங் கதறியிருக்கிறது. கெடுக்கப்போன கை காரியத்தை முடித்துக் கொடுத்துவிட்டது. அதை வெளியே சொல்லவும் வழியில்லை.

முதலாளி திரும்பி வந்து மாப்பிள்ளையின் தோளில் தட்டினார். “வண்டி வழுக்கிட்டுப் போகுது. புது ஷெட்டை நீயே பாத்துக்கப்பா.”

பெரிய மெக்கானிக் தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை மறுப்பாகத் தலையசைத்தான்.

“நான் செஞ்சதில்லீங்க. தண்ணி பாட்டில் எடுக்கத் திரும்பி வந்தப்ப பாத்தேன். நாலு பேர் முன்னாடி எனக்கு அசிங்கமாயிடக் கூடாதுன்னு, மச்சான்தான் பட்டினி கெடந்து சரி பண்ணிட்டிருந்தாரு.”