மழையில் எடுத்த படங்கள்

“சீனாவில பார்க்க என்ன இருக்கு?” என்று யசோதரா அன்று கேட்டாள்.

“தொழிற்சாலையள்தான்” என்றார் கௌரிசங்கர்.

இருபது வருடங்கள் கழித்து, லிட்கம் வீட்டில், அங்கே எடுத்த படங்களை அவர் மகள் ஹரிப்பிரியாவுக்கு டிவியில் போட்டுக் காட்டினார். தோல் சப்பாத்து தைக்கும் பெண்கள், கன்டீனில் சோறு சாப்பிடும் ஆண்கள், வேலை முடிந்து மழையில் சைக்கிளில் கிளம்பும் கூட்டம். யசோதராவும் கூட இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒஃபிஸ் அனுப்பின ட்ரிப்பா, அப்பா?”

“சீச்சீ, எங்கட ஹனிமூன்.”

“அப்ப அம்மா எங்க?”

“பக்கத்தில நிண்டு கமராவுக்குக் குடை பிடிச்சவ.”

ஹரிப்பிரியா தாயைத் திரும்பிப் பார்த்தாள். யசோதரா எழுந்து நின்று தலைமுடியைச் சரிசெய்தாள்.

“இஞ்சேருங்கோ, என்னையும் ஒரு படம் எடுங்கோவன்.”