அக்கா திரும்பக் கூடாது

பைபிளில், ஊர் எரிவதைத் திரும்பிப் பார்த்து உப்புத்தூணாகிப்போன லோத்தின் மனைவியைச் சவக்கடலோரம் தோண்டியெடுத்து, உயிரோடு மீட்டுவிட்டார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் மாடியில்தான் குடியிருக்கிறார். நாலாயிரம் வயது மூத்தவர் என்பதால் என் மனைவி பொன்மலர் அவரை அக்கா என்பாள். அவர் வைக்கும் குழம்பில் உப்பு கச்சிதமாக இருக்கும்.

டாக்டர் ஒன்றுதான் சொல்லியிருந்தார். இனியொரு தடவை திரும்பிப் பார்த்தால் மீட்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச்சுக்குக் கிளம்பித் தெருமுனைக்குப் போய்விட்டார். பொன்மலர் பழக்கதோஷத்தில் வாசலிலிருந்து கத்திவிட்டாள்.

“யக்கா, அடுப்ப அணைச்சீங்களா?”

தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அக்காவின் கழுத்து லேசாக அசைந்தது. பிறகு திரும்பாமலே, பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வந்துசேர்ந்தார்.

“எரியுதான்னு ஒரு தடவ திரும்பிப் பாத்தது போதும் தாயி. நீயே போயிப் பாரு.”