ஃபெபியின் பட்ஜெட் பேச்சு

எந்தக் கட்சிக்கும் சாயாமல் பட்ஜெட்டை விளக்குவதால்தான் கிளியூரில் ஃபெபிக்கு அத்தனை மரியாதை. இந்த முறையோ, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவள் வாய் திறக்குமுன்பே அவள் குரல் ஏற்காட்டுக் கடைத்தெருவில் கேட்டது.

ஆளுங்கட்சி ஜீப்பின் ஒலிபெருக்கியில், "மலை ஆஸ்பத்திரிக்கு நொம்பப் பணம் ஒதுக்கியிருக்காங்க!"

பின்னாலேயே வந்த எதிர்க்கட்சி ஜீப்பில், "ஆனா டாக்டர் போட ஒத்தைப் பைசா இல்லீங்க!"

"ரெண்டு பக்கமும் காசு வாங்கிட்டியா, சாமி?" என்று சிரித்தார் மளிகைக்கடை பக்கீர் முகமது. ஃபெபிக்கு முகம் சுண்டிப்போனது.

தப்பிருந்தால் சொல்லச் சொல்லி, அந்தப் பேச்சைப் பதிவுசெய்து அவள் அனுப்பியது ஒரே ஒருவருக்குத்தான்.

"ஏனுங்க, நீங்களா இப்படிப் பண்ணுனீங்க?" வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள்.

கணவன் ஆண்டனி ராஜ் தலையைச் சொறிந்தான்.

"முழுசாத்தான் விக்கப் போனேன், கண்ணு. முழுப் பேச்சு ரெண்டு பேருக்குமே வேண்டாமாம்."